விரிந்த நெற்றியாரைக் காணக் காத்திருக்கிறோம்

குமுதா தன் கணவரைப் பற்றி எழுதிய அறிவிப்பில் ஒரு பொய்யும் இல்லை. வம்பே அங்கேதான் ஆரம்பித்தது.

"என் வீட்டுக்காரர் ஜெயராஜ், பாயான் பாருல பேக்டரி பஸ் ஓட்டுறவர், திங்கட்கிழமையிலேர்ந்து காணோம். தலை வழுக்கை. தொப்பை இருக்கும். எத்துப்பல். காது ரெண்டும் விரிஞ்சிருக்கும். ஆள் குள்ளம், நல்ல கறுப்பு. பாத்தவங்க உடனே சொல்லுங்க" என்று தட்டி, பினாங்குத் தமிழர் மாண்புப் பேரவையின் வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். யாராவது ஒருவர் "ஐயோ பாவம்" என்று எழுதுவதற்குள் அது மறைந்துவிட்டது. அந்த இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தது.

"பேரவையின் ஆயுள் உறுப்பினர் ஒருவரை உருவக் கேலி செய்த காரணத்தால் மேற்கண்ட செய்தி நீக்கப்படுகிறது. எழுதியவர் நாளை மாலை விசாரணைக்கு வரவும். தேநீர் உண்டு."

கட்டிய புருஷனைத் தேடினால் விசாரணை வைப்பார்கள் என்று குமுதாவுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

நடந்தது இதுதான். மகள் ரூபினிக்கு ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். மண்டப வாசலில் வைக்க, பெண்ணும் மாப்பிள்ளையும் இரு பக்கத்துப் பெற்றோரும் நிற்கும் பெரிய பேனர் ஒன்றை அச்சுக்கடையில் சொல்லியிருந்தாள் குமுதா. அதோடு வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். "எங்க வீட்டுக்காரருக்கு மட்டும் தலையில கொஞ்சம் முடி வச்சிடுங்க. காத லேசா உள்ள தள்ளிடுங்க. பல்லு தெரிய வேணாம்" என்று சொல்லிவிட்டு வந்தாள். கடைக்காரர் தாராள மனசுக்காரர். கேட்காமலேயே தொப்பையையும் எடுத்து, நிறத்தையும் வெளுத்துவிட்டார். பேனரில் குமுதாவுக்குப் பக்கத்தில் சோப்பு விளம்பரத்திலிருந்து நேராக இறங்கி வந்த ஒருவர் நின்றுகொண்டிருந்தார்.

ஜெயராஜ் பேனரைக் கூடத்தில் விரித்து வெகுநேரம் பார்த்தார்.

"யாரு இந்த ஆளு?"

"நீங்கதாங்க."

"இது நான்னா, அப்போ நான் யாரு?"

"அட சும்மா இருங்க லா, இப்போ எல்லாருமே இப்படித்தான் போடுறாங்க. தைப்பிங்லேர்ந்து மாப்பிள வீட்டாளுங்க வருவாங்க, நாலு பேர் பாப்பாங்க..."

"நல்லது. அப்போ கல்யாணத்துக்கு இவரையே கூப்பிட்டுக்க. இவரே தார வாத்துக் குடுக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனவர்தான். கைபேசி குளிர்சாதனப் பெட்டியின் மேல் கிடந்தது. காவல் நிலையத்தில் கேட்டதற்கு, சொல்லிவிட்டுப் போனவர் காணாமல் போனவர் ஆகமாட்டார் என்றும், "நாந்தி பாலிக் லா" என்றும், அதாவது கோபம் ஆறினால் தானே திரும்பி வருவார் என்றும் சொல்லி அனுப்பிவிட்டார்கள். முகநூலில் போடலாம் என்றால் ரூபினி அழுதாள். "மாப்பிள வீட்டுக்குத் தெரிஞ்சா என்னம்மா நெனப்பாங்க?" பேரவைக் குழுவில் தைப்பிங்காரர்கள் யாரும் இல்லை, அதனால்தான் அங்கே போட்டாள்.

விசாரணைக்குப் போனவளை வாசலிலேயே நிறுத்திச் சந்தனம் கொடுத்தார்கள். பேரவையில் எது நடந்தாலும் வரவேற்பு உண்டு. மொழி வாழ்த்து, குத்துவிளக்கு, வரவேற்புரை எல்லாம் முடிந்து, விசாரிக்கப்பட வந்தவள் என்ற முறையில் குமுதாவுக்கும் ஒரு பொன்னாடை போர்த்தினார்கள். அவள் அழுதுகொண்டே போர்த்திக்கொண்டாள். அதைப் படம் பிடித்தவர், கொஞ்சம் சிரிக்கச் சொன்னார்.

பேரவைத் தலைவர், அரசாங்கம் கொடுத்த டத்தோ பட்டக்காரர் குணாளன் எழுந்தார். அறுபதைத் தாண்டியவர். தலையில் மட்டும் முப்பது வயது. அந்த முடி அவருடையது அல்ல என்பது பினாங்கு முழுக்கத் தெரியும். எங்கே வாங்கியது என்பதில்தான் கருத்து வேறுபாடு உண்டு. முன்னொரு பேரவைத் தேர்தலில் எதிரணிக்காரர் ஒருவர் மேடையேறி, "விக் வைத்தவருக்கு ஓட்டுப் போடாதீர்கள்" என்று மொட்டையாகச் சொன்னார். அவர் பெயர் எதுவும் குறிப்பிடவில்லை. குறிப்பிடத் தேவையும் இருக்கவில்லை. ஜெயித்து வந்த டத்தோ முதல் வேலையாகச் சொல்நயக் குழுவை அமைத்தார். அன்றிலிருந்து உறுப்பினர் உடம்பைப் பற்றிப் பேரவையில் எவரும் எதையும் உள்ளபடி சொல்லக்கூடாது. குழு அங்கீகரித்த சொல்லைத்தான் சொல்லவேண்டும்.

"நான் என்னைப் பற்றிப் பேச வரவில்லை" என்று தொடங்கினார் டத்தோ. "ஆனால் இந்தச் சமூகத்தில் என்னைப் பற்றிப் பேச வேறு யாரும் முன்வராத காரணத்தால், அந்தச் சுமையையும் நானே சுமந்து வருகிறேன். சகோதரி அவர்களே! ஒரு மனிதன் காணாமல் போவது பெரிதல்ல. அவனுடைய மரியாதை காணாமல் போகக்கூடாது. ஆளைப் பிறகு தேடிக்கொள்ளலாம்!"

கைதட்டல் ஓய்ந்ததும் சொல்நயக் குழுவின் தலைவர் கோகிலன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். தமிழில் இல்லாத சொல் இல்லை என்பது அவர் கட்சி. இருக்கிற சொல் எதுவும் சரியில்லை என்பதும் அவர் கட்சிதான்.

"முதலாவது, தலை. சொல்லுங்கள் அம்மா."

"வழுக்கைங்க சார்."

அறையில் இருந்த அத்தனை பேரும் டத்தோவின் தலையைப் பார்த்துவிடக்கூடாதே என்று மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார்கள்.

"அந்தச் சொல் இந்தக் கட்டடத்தில் இல்லை" என்றார் கோகிலன். "பதிலாக, 'விரிந்த நெற்றி' என்று போடுவோம்."

"நெத்தி எங்க சார் முடியுது? பின்னங்கழுத்து வரைக்கும் அதுதான்."

"அப்படியானால் 'வானை நோக்கி விரிந்த நெற்றி.' அடுத்து?"

"தொப்பை."

"'வளம் முன்னிற்கும் தோற்றம்.' அடுத்து?"

"பல்லு எத்திக்கிட்டு இருக்கும் சார். வாய மூடுனாலும் ரெண்டு வெளிய நிக்கும்."

குழு இதற்குத் திணறியது. வடை வந்தது, தின்றார்கள். 'முன்வந்து வரவேற்கும் முத்துகள்' என்று ஒருவர் சொன்னதும், அவருக்கு அங்கேயே ஒரு பொன்னாடை போர்த்தினார்கள். விரிந்த காது, 'சமுதாயத்தின் குரலுக்கு அகலத் திறந்த செவிகள்' ஆனது. குள்ளம், 'அடக்கமான உயரம்' ஆனது. நிறத்துக்கு விவாதமே வேண்டியிருக்கவில்லை. பேரவையில் எல்லோருமே மாநிறம் என்று முன்பே தீர்மானம் போட்டிருக்கிறார்கள்.

"சார், இதப் படிச்சா அவரு பெத்த மகளுக்கே அவர அடையாளம் தெரியாதே" என்றாள் குமுதா.

"அடையாளம் தெரிவது முக்கியமா, அழகாகத் தெரிவது முக்கியமா?" என்று கேட்டார் டத்தோ. குமுதாவுக்குச் சுருக்கென்றது. அச்சுக்கடைக்காரரிடம் அவள் சொன்னதும் கிட்டத்தட்ட அதுதான்.

'காணவில்லை' என்பது எதிர்மறைச் சொல் என்பதால் அதையும் எடுத்தார்கள். ஆயுள் உறுப்பினர் பெயரை இப்படிப்பட்ட அறிவிப்பில் போடுவது அவமரியாதை என்று பெயரையும் எடுத்தார்கள். ஜெயராஜின் படத்தைப் புகைப்படக் குழு பார்த்து ஒப்புதல் தரவேண்டும். அந்தக் குழு அடுத்த மாதம்தான் கூடும். ஆனால் படமில்லாத அறிவிப்பு மொட்டையாக இருக்குமே! அதனால் டத்தோ கைகூப்பி நிற்கும் படத்தைப் பெரிதாகப் போட்டு, மேலே 'காணக் காத்திருக்கிறோம்' என்று எழுதி, கீழே வர்ணனையைப் போட்டு, தீவு முழுக்க அனுப்பினார்கள்.

பலன் உடனே தெரிந்தது. காணாமல் போனவரைப் பார்த்துவிட்டதாக அன்று இரவே ஏராளமான அழைப்புகள் வந்தன. ஒரு ஹோட்டல் விருந்தில் அவர் இரண்டாம் முறை பிரியாணி வாங்கிக்கொண்டிருந்ததாகப் பலரும் உறுதியாகச் சொன்னார்கள். விசாரித்ததில் அது டத்தோதான். பட்டர்வொர்த்திலிருந்து ஒரு தாயார், இவ்வளவு லட்சணமான வரனுக்குத் தம் மகளின் ஜாதகம் பொருந்துமா என்று கேட்டு எழுதினார். தஞ்சோங் பூங்காவில் நடைப்பயிற்சிக்குப் போன ஒரு வழக்கறிஞரை, நெற்றி விரிந்திருக்கிறது என்று இரண்டு தொண்டர்கள் காரில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்கள். அவர் வழக்குப் போடுவேன் என்றதும் ஒரு பொன்னாடை போர்த்தித் திரும்பக் கொண்டுபோய் விட்டார்கள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் குமுதா சூலியா தெருவுக்குப் போனாள். அங்கே நாசி கண்டார் கடை வைத்திருக்கும் ஷேக் அலாவுதீன், ஜெயராஜ் ஓட்டத் தொடங்கிய காலத்திலிருந்து அவருக்குச் சோறு போடுகிறவர்.

"வா தங்கச்சி, பசியாறிட்டியா? எங்க நம்மாளு, நாலஞ்சு நாளா கடப்பக்கமே காணோம்?"

"அவரத்தான் பாய் தேடிக்கிட்டு இருக்கேன். பேரவை அறிவிப்பு நீங்க பாக்கலியா?"

"பாத்தேனே! யாரோ மந்திரி காணாமப் போயிட்டாருன்னுல்ல நெனச்சேன்!" அவர் கரண்டியைக் கீழே வைத்தார். "அது நம்ம ஜெயராஜா? அடப்பாவிங்களா, காதப் பத்தி ஒரு வார்த்த போட்டிருந்தா தீவே சொல்லியிருக்குமே!"

குமுதாவுக்கு அடக்கமாட்டாமல் அழுகை வந்தது. வெட்கத்தில் வந்த அழுகை அது. நாளை மறுநாள் கல்யாணம். மேடையில் பெண்ணின் கையைப் பிடித்துக் கொடுக்க அப்பா இல்லை. பேரவை அவரைத் தொலைத்தது இந்த வாரம்தான்; அவள் அதற்கு முன்பே, அச்சுக்கடையில் வைத்துத் தொலைத்துவிட்டாள்.

சனிக்கிழமை காலை பேரவையிலிருந்து கோகிலன் கூப்பிட்டார். "அம்மா, வாழ்த்துகள்! உங்கள் கணவர் கிடைத்துவிட்டார். மாலையில் பாராட்டு விழா. குடும்பத்தோடு வந்துவிடுங்கள்."

குமுதா ரூபினியையும் இழுத்துக்கொண்டு ஓடினாள். மேடையில் டத்தோவுக்குப் பக்கத்தில், மாலை போட்டு, பொன்னாடை போர்த்தி, ஒருவர் உட்கார்ந்திருந்தார். அகன்ற நெற்றி, அளவான காது, வரிசையான பல், எடுப்பான உடம்பு. பேனரில் நின்ற அதே சோப்பு விளம்பரக்காரர்! கிட்டே போய்ப் பார்த்தால், பேரவை விழாக்களில் அறிவிப்பாளராக இருக்கும் யுகேந்திரன்.

"தம்பி, நீ எப்படிப்பா இங்க?"

"அக்கா, நான் அவர் இல்லன்னு சொன்னேன்கா. 'விவரம் எல்லாம் பொருந்துது, பேர் மட்டும்தான் பொருந்தல, அதத் திருத்திக்கலாம்'னு சொல்லிட்டாங்க." அவர் பொன்னாடையைத் தடவிக்கொண்டே குரலைத் தாழ்த்தினார். "இத்தன வருஷமா மத்தவங்க பேரப் படிச்சுப் படிச்சு மேடைக்குக் கூப்பிட்டவன்கா நான். எனக்குன்னு யாரும் ஒரு துண்டு போத்துனதில்ல. கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போயிடுறேனே."

குமுதா கோகிலனிடம் போனாள். "சார், இவரு என் புருஷன் இல்ல."

"அம்மா, குழு ஏகமனதாக முடிவு செய்துவிட்டது. வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்த்தாயிற்று. இவரை அழைத்துக்கொண்டு போய் நாளைக்குக் கல்யாணத்தை நடத்துங்கள். குறை ஏதும் இருந்தால் திங்கட்கிழமை எழுத்து மூலம் தெரிவிக்கலாம்."

இதற்குள் டத்தோவின் உரை தொடங்கிவிட்டது. பேரவை எதையாவது கண்டுபிடித்தது இதுவே முதல் முறை என்பதால் அதை முகநூலில் நேரலையாகக் காட்டிக்கொண்டிருந்தார்கள். "உலகத் தமிழர் வரலாற்றில் காணாமல் போனவரைவிடச் சிறந்தவரைத் திருப்பிக் கொடுத்த ஒரே அமைப்பு நமது பேரவை!" என்று முடித்தவர், நன்றி சொல்லும்படி குமுதாவை அழைத்தார்.

குமுதா மைக்கைப் பிடித்தாள். ரூபினி கீழே இருந்து வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினாள்.

"எல்லாருக்கும் வணக்கம். எனக்குப் பேச வராது. நான் தேடுறது இவர இல்ல. என் வீட்டுக்காரரு வழுக்க."

முன்வரிசையில் யாரோ பதறிப்போய் எழுந்தார்.

"தொப்பையும் உண்டு. மோட்டார்ல உக்காந்தா டேங்க் மேல வந்து நிக்கும். பல்லு எத்திக்கிட்டு இருக்கும், சிரிச்சா மொதல்ல பல்லுதான் வரும், அப்புறம்தான் சிரிப்பு வரும். காது ரெண்டும் கார்க்கதவு தொறந்து வச்ச மாதிரி. நான் பேக்டரிக்குப் போன காலத்துல அவரு பஸ்ஸுலதான் போவேன். பின் சீட்டுல உக்காந்தா அவரு மூஞ்சி தெரியாது. அந்த வழுக்கத் தலையும் ரெண்டு பக்கம் ரெண்டு காதும்தான் தெரியும். விடியக்கால இருட்டுல அதப் பாத்தா எனக்குப் பயம் இருக்காது. அதப் பாத்துத்தான் கட்டிக்கிட்டேன். போன வாரம் கல்யாணப் பேனர்ல நானே அத அழிக்கச் சொல்லிட்டேன், புத்தி கெட்டுப் போய். ஏங்க, எங்க இருந்தாலும் வந்துடுங்க. எனக்கு அந்தக் காதுதான் வேணும். இந்தத் தம்பி நல்ல பையன்தான், ஆனா இவர வச்சுக்கிட்டு நான் என்ன செய்யுறது..."

மைக்கை அணைத்துவிட்டார்கள். ஆனால் நேரலையை அணைக்கத் தெரிந்தவர் வடை தின்னப் போயிருந்தார்.

மேடையிலேயே அவசரக் கூட்டம் கூடியது. குமுதா சொன்ன சொற்களைக் குறிப்பில் சேர்ப்பதா, சேர்த்தால் எந்தச் சொற்களால் சேர்ப்பது என்று விவாதித்தார்கள். 'வழுக்கை என்று சொன்னதைக் கண்டிக்கிறோம்' என்று தீர்மானம் போட முடியாது. தீர்மானத்திலேயே அந்தச் சொல் வந்துவிடும். வேறு எந்தச் சங்கமாக இருந்தாலும் அதற்குள் விழா முடிந்து நாற்காலிகளை அடுக்கியிருப்பார்கள். மாண்புப் பேரவை என்பதால், பாலிக் புலாவிலிருந்து மலைப்பாதை வழியாக ஒரு பழைய மோட்டார் வந்து சேர்ந்தபோது அவர்கள் முன்மொழிந்தவர் பெயரைத்தான் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

ஜெயராஜ் உள்ளே வந்தார். உடம்பெல்லாம் டுரியான் பழ வாடை.

"அப்பா!" என்று கத்திக்கொண்டே ரூபினி ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள்.

டத்தோ எழுந்து நின்றார். "யார் இது? இவர் அவர் இல்லை!"

"எப்படி இல்லேங்கறீங்க?" என்றாள் குமுதா. இப்போது அவளுக்கு மைக் தேவைப்படவில்லை.

"விவரம் பொருந்தவில்லையே! பார்த்தாலே தெரிகிறதே!"

"பாத்தா என்ன டத்தோ தெரியுது?"

"அதுதான்... தலை..."

"தலைக்கு என்ன?"

டத்தோ கோகிலனைப் பார்த்தார். கோகிலன் விதிப் புத்தகத்தைப் பார்த்தார். வந்தவர் ஜெயராஜ் இல்லை என்று சொல்ல வேண்டுமானால் ஏன் இல்லை என்று சொல்லவேண்டும். அதற்கு வேண்டிய சொற்கள் அத்தனையும் அந்தக் கட்டடத்தில் தடை செய்யப்பட்டவை. சொல்லலாம் என்று மிஞ்சியிருந்தவை அறிவிப்பில் இருந்தவை மட்டும்தான்.

"வாயத் தொறந்து சொல்லுங்க" என்றாள் குமுதா. "இவரு தலை எப்படி இருக்கு?"

கோகிலன் விதிப் புத்தகத்தை மூடினார். "விரிந்த... நெற்றி."

"காது?"

"அகலத் திறந்த செவிகள்."

"பல்லு?"

ஜெயராஜ் அதற்குள் சிரித்துவிட்டார். முத்துகள் முன்வந்து வரவேற்றன.

வேறு வழியில்லாமல் பேரவை தீர்மானம் போட்டது: காணாமல் போனவர் ஒருவர், கண்டுபிடிக்கப்பட்டவர் இருவர், இது நூற்றுக்கு இருநூறு விழுக்காடு வெற்றி. யுகேந்திரன் பொன்னாடையை வைத்துக்கொள்ளலாம் என்று குமுதாவே பரிந்துரைத்தாள். அது ஏகமனதாக நிறைவேறியது.

வீட்டுக்கு வந்து சாப்பாடு போடும்போதுதான் கேட்டாள். "எங்கதான் போனீங்க?"

"பாலிக் புலாவுல ஹாஃபிஸ்னு ஒரு கூட்டாளி, அவன் டுரியான் தோட்டத்துல. உனக்கு அவனத் தெரியாது."

"பேரவை அறிவிப்பு உங்க கண்ணுல படலியா?"

"பட்டுச்சே. ஹாஃபிஸ் போன்ல பாத்தேன். பாவம், யாரோ பொண்டாட்டி தேடுறாளேன்னு, பழம் வாங்க வந்தவனுங்களயெல்லாம் ரெண்டு நாளா உத்து உத்துப் பாத்தேன். அப்படி ஒரு அழகன் அந்தப் பக்கம் வரவே இல்ல." சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "அதே போன்ல நீ மைக்குல ஏசுனதக் கேட்டதும்தான், அட, இது நம்மளத்தான்னு கெளம்புனேன்."

"கோவமா?"

"தொப்பைய மட்டும் கொஞ்சம் கூடச் சொல்லிட்ட" என்றார். பேனரைச் சுருட்டி மாடிப்படிக்குக் கீழே போட்டுவிட்டாள் குமுதா.

மறுநாள் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. தைப்பிங்காரர்கள் அத்தனை பேரும் நேரலையைப் பார்த்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா குமுதாவைத் தனியே அழைத்து, தம் வீட்டுக்காரருக்கும் அதே காதுதான் என்று சொல்லி, பேனரில் அச்சுக்கடைக்காரர் மாப்பிள்ளை வீட்டுக்கும் ஏதாவது வேலை செய்தாரா என்று ஆவலோடு விசாரித்தார். டத்தோ வந்து நெடுநேரம் வாழ்த்தினார். இறங்கும்போது குமுதாவுக்குக் கிட்டே வந்து நின்றார்.

"சகோதரி, சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்கிறேன். நான் காணாமல் போனால்... என் வீட்டில் என்னவென்று சொல்லித் தேடுவார்கள்?"

குமுதா அவர் தலையைப் பார்த்தாள். அந்த மண்டபத்தில் முதன்முறையாக ஒருவர் அதை நேராகப் பார்த்தார். "தொலையாதீங்க டத்தோ" என்றாள். அவர் தலையாட்டினார், முடி கொஞ்சம் தாமதமாக ஆடியது.

தாரை வார்த்து, வாழ்த்தெல்லாம் முடிந்ததும் குடும்பப் படம் எடுக்க எல்லோரும் மேடையில் நின்றார்கள். புகைப்படக்காரர் கேமராவில் கண்ணை வைத்து, எடுத்து, மறுபடி வைத்தார்.

"அங்கிள், தப்பா நெனச்சுக்காதீங்க. லைட் உங்க தலையில அடிச்சுப் படம் பூரா வெள்ளையா விழுது. கொஞ்சம் பின்னால, அந்த வாழ மரத்துக்கிட்டப் போயிடுறீங்களா?"

ஜெயராஜ் ஓரடி பின்னால் எடுத்து வைத்தார். குமுதா அவர் கையைப் பிடித்து முன்னால் இழுத்துத் தன் பக்கத்தில் நிறுத்தினாள்.

"அவரு இங்கதான் நிப்பாரு" என்றாள். "நீங்க லைட்ட அணைங்க."